பல் கட்டும் மேஜரின் ஜீப்

காலை ஆறேகாலுக்கு ஜீப்பின் ஓட்டுநர் இருக்கையைத் தூக்கி நிமிர்த்தி, அதன் அடியில் இருக்கும் பெட்ரோல் டாங்கியின் மூடியைத் திறந்து, ஒரு பழைய மர ஸ்கேலை உள்ளே விட்டு வெளியே எடுத்து, முகர்ந்து பார்க்கிறார் மேஜர். ஸ்கேல் எவ்வளவு உயரம் நனைந்திருக்கிறது என்று பார்த்தாலே போதும். முகரவேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் முகர்வார். பிறகு கண்ணை மூடி, "மூணு விரக்கடை இருக்கு" என்று அறிவிப்பார், கேட்க யாரும் இல்லாவிட்டாலும். பெட்ரோல் அளவைக் காட்ட முன்பக்கத்தில் ஒரு முள் இருக்கத்தான் செய்கிறது. அது பதினோரு வருடமாக டாங்கி நிறைந்திருப்பதாகக் கூசாமல் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறது. "அது நல்ல மனசு உள்ள முள்ளு. யாரையும் கவலைப்பட விடாது" என்று மேஜர் அதையும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

மேஜர் என்றவுடன் முறுக்கு மீசையை எதிர்பார்த்தால் ஏமாந்து போவீர்கள். ஐந்தடி இரண்டு அங்குலம், ஒட்டிய கன்னம், சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னக் கண்ணாடியும் இடுக்கியும். தொழில், பல் செட் கட்டுவது. ராணுவத்துக்கும் அவருக்கும் உள்ள சம்பந்தம் அந்த ஜீப் ஒன்றுதான். தெருக்கோடியில் நிஜமாகவே இருபத்திரண்டு வருடம் ராணுவத்தில் இருந்தவர் ஒருவர் குடியிருக்கிறார். அவரை எல்லோரும் சாதாரணமாக 'அண்ணே' என்று கூப்பிடுகிறார்கள். அவரோ பல் செட்காரரைப் பார்த்தால் விறைப்பாக நின்று சல்யூட் அடிக்கிறார். கேட்டால், "நான் அங்க வெங்காயம்தாங்க உரிச்சேன். ஜீப் எல்லாம் பெரிய ஆளுங்க சமாச்சாரம்" என்கிறார். மேஜரும் கொஞ்சமும் வெட்கப்படாமல் அந்த சல்யூட்டை வாங்கிக்கொள்கிறார்.

வீட்டின் முன்னறைதான் அவருடைய பட்டறை. பல் செட்டுக்கு அளவு எடுக்கும்போது ஒரு மாவைக் குழைத்துத் தட்டில் நிரப்பி வாய்க்குள் வைத்து அழுத்துவார்கள். அது இறுகும்வரை வாயை அசைக்கக் கூடாது. மேல்வாய்க்கு ஐந்து நிமிடம், கீழ்வாய்க்கு ஐந்து நிமிடம். இந்தப் பத்து நிமிடங்களை நம்பித்தான் மேஜர் தொழில் நடத்துகிறார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. தட்டை உள்ளே வைத்த மறு நொடி ஜீப் கதை தொடங்கிவிடும். சாவியே இல்லாத ஜீப், ஒரு பித்தானைத் திருகி, தரையில் இருக்கும் கட்டையைக் காலால் மிதித்தால் கிளம்பும் ஜீப், முன்கண்ணாடியை மடக்கி மூக்கின் மேல் படுக்கவைக்கலாம், கதவு என்ற பேச்சுக்கே இடம் இல்லை. வாயில் மாவோடு உட்கார்ந்திருப்பவர் 'ம்' என்றால் ஒரு கிளைக்கதை வேறு முளைக்கும். பல் இல்லாத பெரியவர்கள் பாதிப் பேருக்கு அந்த வண்டியின் கார்புரேட்டரைப் பற்றித் தங்கள் பேரன் பேத்தியைப் பற்றித் தெரிந்ததைவிடக் கூடுதலாகத் தெரியும்.

தொழிலும் வண்டியும் எங்கே பிரிகின்றன என்று அவருக்கே தெரியாது. கார்புரேட்டரின் துளைகளை அவர் பல் குத்தும் ஊசியால் சுத்தம் செய்வார். கிடைக்காத பின்விளக்கு மூடிக்கு, இருந்த ஒன்றை மாதிரியாக வைத்து அளவெடுத்து, மெழுகில் வார்த்து, புதிதாகவே செய்துவிட்டார். ஸ்டீயரிங் சக்கரம் வெயிலில் வெடித்துப் பாளம் பாளமாகப் பிளந்தபோது கையில் இருந்தது ஈறு செய்யும் ரோஸ் நிறப் பிசின்தான். அதை வைத்து அடைத்து, தேய்த்து, பளபளவென்று மெருகேற்றிவிட்டார். கறுப்புச் சக்கரம், நடு நடுவே ஈறு. பார்க்கிறவர்களுக்கு எந்த நிமிடமும் அது வாயைத் திறந்து சிரித்துவிடுமோ என்றிருக்கும். "உறுதியைப் பாருங்க. இதுல கரும்பே கடிக்கலாம்" என்று சக்கரத்தைத் தட்டிக் காட்டுவார் மேஜர்.

வண்டி வீட்டுக்கு வந்த கதை தனி. பல் செட்டைத் தேய்த்து மெருகேற்றும் மோட்டார் ஒன்று வாங்கி வருகிறேன் என்று காலையில் கிளம்பிய மனிதர், மாலையில் ஒரு டிராக்டருக்குப் பின்னால் கயிறு கட்டி இந்த ஜீப்பை இழுத்துக்கொண்டு வந்து நின்றார். யாரோ ஒரு பண்ணைக்காரர் அதைக் கோழிக் கூடாக வைத்திருந்தாராம். "எஞ்சின் இருக்கு, நாலு சக்கரம் இருக்கு, சேஸிஸ் தங்கம்" என்று மேஜர் வாசலிலேயே பட்டியல் போட்டார். அவர் மனைவி அப்போதுதான் வேலையிலிருந்து திரும்பியிருந்தார். ஊர்ப் பொது நூலகத்தில் நூலகர். ஊரே 'நூலகர் அம்மா' என்று கூப்பிடும். குரல் உயர்த்தியே பழக்கமில்லாதவர். வருடக்கணக்காக உதட்டில் விரல் வைத்து 'உஷ்' என்று சொல்லியே பிழைத்தவர். மேஜர் அவரைக் கையைப் பிடித்து அழைத்துப் போய்ப் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்தார். கோழி போயிருந்தது. முட்டை போகவில்லை.

அன்று கட்டியிருந்தது புதுப்புடவை. நூலகர் அம்மா கத்தவில்லை, அழவில்லை. எழுந்து, உள்ளே போய், புடவையை ஊறவைத்துவிட்டு வந்து, மெல்லிய குரலில், "இனிமே நான் இதுல உட்கார மாட்டேங்க" என்றார். பதினோரு வருடம் உட்காரவில்லை. அவர் பஸ்ஸில் போவார். சில நாள் பஸ்ஸின் பின்னாலேயே அவர் கணவர் ஜீப்பில் போவார்.

வண்டி திருட்டுப் போய்விடும் என்ற பயம் மேஜருக்கு ரொம்ப நாளாக இருந்தது. சாவி இல்லாத வண்டி ஆயிற்றே. ஸ்டீயரிங்கையும் வாசல் கம்பிக்கதவையும் சேர்த்து நாய்ச் சங்கிலி போட்டுப் பூட்டுவார். ஒருநாள் சங்கிலி போட மறந்துபோனார். அன்றைக்கென்று பார்த்துத் திருடன் வந்தான். ஜீப்பின் மேல் ஏறி, அதைத் தாண்டிக் குதித்து, அந்தப் பக்கம் நின்ற மூன்றாம் வீட்டு ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். ஜீப்பின் மூக்கில் செருப்புத் தடம் மட்டும் இருந்தது. ஸ்கூட்டரைப் பறிகொடுத்தவருக்கு ஆறுதல் சொல்லப் போன மேஜர், போன இடத்தில் தானே அதிகமாகப் புலம்பினார். "பக்கத்துல இது நிக்குது. அதை விட்டுட்டு ஸ்கூட்டரு! ரசனை கெட்ட பயங்க" என்றார். ஸ்கூட்டர்க்காரர் இன்றுவரை அவரிடம் சரியாகப் பேசுவதில்லை.

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி அது. சாதாரண வண்டிக்கு இரண்டு சக்கரம்தான் இழுக்கும், இதற்கு ஒரு கம்பியைத் தள்ளினால் முன் சக்கரமும் சேர்ந்து இழுக்கும். சேறு, மணல், மலை எதுவானாலும் கவலையில்லை. கவலை என்னவென்றால், ஊரில் சேறு இல்லை. தெருவெல்லாம் சிமெண்ட். எங்காவது தண்ணீர்க் குழாய் உடைந்தது என்று காதில் விழுந்தால் மேஜர் பல் செட்டை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். போய், நாலு சக்கரத்தையும் இழுக்கவிட்டு, கணுக்கால் தண்ணீரில் கம்பீரமாக ஒரு போக்கு ஒரு வரவு. "யாராச்சும் மாட்டிக்கிட்டீங்களா? கயிறு இருக்கு" என்று கேட்பார். சைக்கிள்காரர்கள் அவரைக் கடந்து போய்க்கொண்டிருப்பார்கள்.

நூலகர் அம்மாவின் தம்பி லாரிப் பட்டறை வைத்திருக்கிறான். வண்டியின் எலும்பு எலும்பாக அவனுக்குத் தெரியும். "மாமா, இது வண்டி இல்ல, நோயாளி. நான் பார்த்த நேரத்துக்கு இன்னேரம் ஒரு ரயில் எஞ்சினே செஞ்சிருப்பேன்" என்பான். வண்டியை விலைக்கு வாங்க ஆள் பிடித்தவனும் அவன்தான். புறவழிச் சாலையில் புதிதாக ஓட்டல் திறந்திருக்கும் முதலாளி. வாசலில் மேடை கட்டி, ஜீப்பை அதன்மேல் ஏற்றி, எஞ்சினைக் கழற்றிவிட்டு, உள்ளே மண் போட்டுப் பூச்செடி வைக்கப் போகிறாராம். இரவில் கலர் விளக்கும் உண்டு. இதைக் கேட்ட அன்று மேஜர் சாப்பிடவில்லை. ஒருவருக்கு மேல்வாய்ப் பல்லைக் கீழ்வாய்க்குக் கட்டிக் கொடுத்துவிட்டார்.

நூலகர் அம்மா ஓய்வு பெறும் மாதம் வந்தது. மேஜருக்கு ஒரே ஓர் ஆசை. கடைசி நாள் மாலை, நூலக வாசலிலிருந்து மனைவியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வரவேண்டும். பதினைந்து நாள் வெவ்வேறு விதமாகக் கேட்டுப் பார்த்தார். காய் நறுக்கிக் கொடுத்தார். பதினாறாம் நாள் நூலகர் அம்மா ஒரு பழைய நூலக அட்டையின் பின்பக்கத்தில் தமது அச்சுக் கையெழுத்தில் எழுதி நீட்டினார்: 'நூலகம் முதல் வீடு வரை. ஆறு கிலோமீட்டர். ஒருமுறை மட்டும். வழியில் வண்டி நிற்கக் கூடாது. நின்றால் ஓட்டல்காரருக்கு.' கீழே தேதி போட்டிருந்தார்.

"சிக்னல்ல நிக்கலாமா?" என்று மேஜர் கேட்டார்.

"சிக்னல்ல எல்லா வண்டியும் நிக்கும். இது மட்டும் நிக்கிறதைத்தான் சொல்றேன்."

மேஜர் கையெழுத்துப் போட்டார். பிறகு பத்து நாள் வீட்டில் பல் செட் வேலையே நடக்கவில்லை. வந்தவர்களை எல்லாம், "பத்து நாள் கஞ்சி குடிங்க, உடம்புக்கு நல்லது" என்று திருப்பி அனுப்பினார். ஒயர் ஒவ்வொன்றையும் பிரித்துச் சுற்றினார். பெட்ரோல் குழாயை வாயால் ஊதிப் பார்த்தார். மச்சினன் வந்து பிரேக்கைச் சரிசெய்து கொடுத்தான். "ஓடினா ஓடும் மாமா. ஆனா நீங்க வழியில ஏதாச்சும் தொட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். அன்று எந்த நேரத்துக்கு வருவார் என்று போகிற போக்கில் ஓட்டல்காரருக்கு ஃபோன் செய்தும் கேட்டான்.

அந்த நாள் மாலை நாலரைக்கெல்லாம் ஜீப் நூலக வாசலில் நின்றது. மேஜர் இஸ்திரி போட்ட சட்டையில் விறைப்பாக நின்றார். நூலகர் அம்மா கையில் பூங்கொத்தோடும், சக ஊழியர்கள் கொடுத்த ஒரு பெரிய சுவர்க் கடிகாரத்தோடும் படியிறங்கி வந்தார். வாசகர்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள். இருக்கை அருகே வந்ததும் அவர் உட்காரவில்லை. குனிந்து, கையை நீட்டி, இருக்கையை மூலைக்கு மூலை தடவிப் பார்த்தார்.

"முட்டை எல்லாம் இல்லம்மா, சத்தியமா" என்றார் மேஜர்.

அவர் உட்கார்ந்து கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டார். மேஜர் பித்தானைத் திருகிக் கட்டையை மிதித்தார். முதல் மிதியிலேயே கிளம்பியது. நூலகக் கண்ணாடிகள் எல்லாம் அதிர்ந்தன. முப்பத்து மூன்று வருடம் அந்தக் கட்டடத்தில் கேட்காத சத்தம் அது. நூலகர் அம்மாவின் விரல் தானாகவே உதட்டுக்குப் போய்த் திரும்பியது.

சாலைக்கு வந்ததும் அவர் ஏதோ சொன்னார். நூலகக் குரலில் சொன்னதால் ஒன்றும் கேட்கவில்லை. "என்னம்மா?" மறுபடி சொன்னார். மறுபடி கேட்கவில்லை. மேஜர் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு தலையாட்டு ஆட்டிவைத்தார். இரண்டாவது கிலோமீட்டரில் ஒரு குப்பை லாரி முன்னால் வந்து சேர்ந்தது. நடை வேகம், மேலே திறந்த குப்பை. மேஜர் வழக்கம்போல அதன் பின்னாலேயே மெல்ல ஊர்ந்தார். அவருடைய வண்டிக்கு ஸ்டீயரிங் இடதுபக்கம், ஊரில் மற்ற எல்லா வண்டிக்கும் வலதுபக்கம். எதிரே வருவதைப் பார்க்க வலதுபக்க இருக்கையில் ஆள் வேண்டும். அந்த இருக்கை காலியாகவே கிடந்ததால், பதினோரு வருடத்தில் மேஜர் ஒரு வண்டியைக்கூட முந்தியதில்லை. குப்பை லாரி, கரும்பு லாரி, ஒருமுறை ஊர்வலமாகப் போன ஆட்டு மந்தை என்று எதன் பின்னாலும் பொறுமையாகப் போய்ச் சேர்ந்திருக்கிறார்.

நூலகர் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே சாய்ந்து எட்டிப் பார்த்தார். சாலை காலி. "போகலாம்" என்றார்.

"என்னம்மா?"

"போகலாம்ங்க."

"கேக்கல!"

"போங்க!" என்று கத்தினார் நூலகர் அம்மா.

கத்திவிட்டுத் தாமே திடுக்கிட்டுப் போனார். மேஜர் ஒரு நொடி நம்ப முடியாமல் பார்த்தார். பிறகு ஆக்சிலரேட்டரை மிதித்தார். ஜீப் உறுமிக்கொண்டு குப்பை லாரியை முந்தியது. லாரியின் டிரைவர் தலையை நீட்டி, "மேஜரா! முந்துறாரே!" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். மேஜருக்குக் கண் கலங்கிவிட்டது. காற்று என்று சொல்லிக்கொண்டார். அடுத்த ஒரு கிலோமீட்டருக்குள் இரண்டு சைக்கிள், ஒரு தண்ணீர் டிராக்டர், ஒரு பஸ் எல்லாம் பின்னால் போயின. "இல்ல, இருங்க! லாரி வருது! இப்ப! போங்க, போங்க!" என்று நூலகர் அம்மா பாதி உடம்பு வெளியே இருக்கக் கட்டளை போட்டுக்கொண்டிருந்தார். பூங்கொத்து எங்கே பறந்தது என்று இருவருக்கும் தெரியாது.

நான்காவது கிலோமீட்டரில் பின்பக்கம் பட்டென்று ஒரு சத்தம். வண்டி ஒரு பக்கமாக நொண்டி, ஓரம் கட்டி நின்றது. இடதுபக்கப் பின் சக்கரத்தில் விரல் நீளத்துக்கு ஆணி.

மேஜர் இறங்கி ஆணியையே பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. இருந்தாலும் ஸ்பேனரை எடுத்தார், ஜாக்கி வைக்கும் முன் நட்டைத் தளர்த்தப் பார்த்தார். அசையவில்லை. அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. பஸ்ஸிலிருந்து இறங்கிய கண்டக்டர் ஒரு கை கொடுத்தார். எதிர்க் கடைக்காரர் ஓர் இரும்புக் குழாயைக் கொண்டுவந்து ஸ்பேனரில் செருகினார். குழாயின் நுனியில் மூன்று பேர் ஏறி நின்றார்கள். நட்டு நகர்வேனா என்றது. "துருப் பிடிச்சிடுச்சு சார், அறுத்துத்தான் எடுக்கணும்" என்றார் கண்டக்டர். மேஜர் வியர்த்து வழிந்து, நாலாவது ஆளாகத் தாமும் குழாயில் ஏறினார்.

"எல்லாரும் இறங்குங்க!"

தெருவே திரும்பியது. நூலகர் அம்மா இருக்கையில் எழுந்து நின்றுகொண்டிருந்தார், ஒரு கையில் கடிகாரம்.

"என்னங்க பண்றீங்க? நட்டு மேல எல் எழுத்து போட்டிருக்கு, கண்ணு தெரியலையா? இடது பக்கச் சக்கரத்துக்கு மரை தலைகீழ்! எல்லா வண்டியிலயும் கழட்டுற பக்கம் திருப்பினா இதுல இறுகும். ஓடுற ஓட்டத்துல நட்டு தானா கழண்டுடக் கூடாதுன்னு அப்படி வச்சிருக்காங்க. இறுக்குற பக்கம் திருப்புங்க, கழண்டு வரும்!"

மேஜர் இறங்கி, இறுக்கும் பக்கமாக ஸ்பேனரைத் திருப்பினார். நட்டு கிரீச்சென்று ஒரு சத்தம் போட்டுக் கழன்றது. கண்டக்டர் கைதட்டினார்.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார் மேஜர்.

"பதினோரு வருஷமா காலையும் மாலையும் சமையல் ரூம்லதானே இருக்கேன்? உங்க பட்டறைக்கும் அதுக்கும் நடுவுல இருக்கிறது பலகைத் தடுப்பு. மேல்வாய்க்கு அளவெடுக்கிறப்பல்லாம் நட்டுக் கதை, கீழ்வாய்க்குக் கார்புரேட்டர். பதட்டத்துல சொன்னவருக்கு மறந்துபோச்சு, கேட்டவளுக்கு மறக்கல. வாயில மாவு வச்சவங்களுக்கு மட்டும்தான் கேக்கும்னு நினைச்சீங்களா?"

மாற்றுச் சக்கரம் ஏறியது. வண்டி மறுபடியும் முதல் மிதியில் கிளம்பியது. ஆனால் மேஜர் யாரையும் முந்தவில்லை. கொஞ்ச தூரம் போனதும் முன்னால் பார்த்தபடியே, "நின்னுடுச்சும்மா. ஆணியோ என்னவோ, நின்னது நின்னதுதான். எழுதின பேச்சு மாற மாட்டேன்" என்றார். எஞ்சின் சத்தத்தில் நூலகர் அம்மாவுக்குக் கேட்டதா இல்லையா என்று தெரியவில்லை. மேஜர் மெருகேற்றிய சக்கரத்தின் மேல் ஒரு கட்டைவிரலை முன்னும் பின்னுமாகத் தடவிக்கொண்டே ஓட்டினார். அவருக்கு அப்போது நெஞ்சில் இருந்த பாரத்தை நான்கு சக்கரமும் சேர்ந்து இழுத்தாலும் நகர்ந்திருக்காது.

தெரு முனை திரும்பியதும் வீட்டு வாசல் தெரிந்தது. மச்சினன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பக்கத்தில் ஓட்டல் முதலாளி. சும்மா வரவில்லை. எது எடுப்பாக இருக்கும் என்று வைத்துப் பார்ப்பதற்காக இரண்டு தொட்டிச் செடிகளைக் கொண்டுவந்திருந்தார். ஒன்றில் மஞ்சள் பூ, ஒன்றில் சிவப்பு. மேஜர் ஆக்சிலரேட்டரை மிதித்திருந்த வலதுகாலைத் தளர்த்தினார். ஜீப் ஒரு பெருமூச்சு விட்டு வேகம் குறைந்தது. ஓட்டல்காரர் மஞ்சள் பூத் தொட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டு இரண்டடி முன்னால் வந்தார்.

நூலகர் அம்மா நேரே சாலையைப் பார்த்தபடி, மடியிலிருந்த கடிகாரத்தை வலதுகைக்கு மாற்றிக்கொண்டார். இடதுகையை மூன்று கியர் கம்பிகளுக்கும் மேலாக நீட்டி, மேஜரின் வலது முழங்காலில் வைத்து, பலம் கொண்ட மட்டும் கீழே அழுத்தினார்.